ஒரு ஷிஃப்ட்டைக் காணோம் என்றார் குளோரி

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பாபுவின் போன் வந்தது. பாபு எங்கள் துணை மின்நிலையத்தில் லைன்மேன். காலையில் அவன் கூப்பிட்டால் எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். "சொல்லு பாபு, எந்த லைனு?" என்றேன். "சார், நம்ம குளோரிம்மா போய்ட்டாங்க சார். நேத்து சாயங்காலம் துணி மடிச்சிகினு இருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம்" என்றான். கையிலிருந்த காய்களைக் கூடையிலேயே போட்டுவிட்டேன். "இன்னா சார், வேணாவா?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

குளோரி மேரியை இந்த இதழின் வாசகர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்து மாடியில் நாம் நடத்தும் மாத சினிமாக் கூட்டத்தில், கடைசி வரிசையில், ஜன்னலை ஒட்டி, மடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டுமே. "அந்தக் கனவுப் படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டாரே, அந்த அம்மாவா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அந்த அம்மாவேதான். அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலும், அதற்குப் பிறகு செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்ட ஒரு காரியமும் மூன்று வருடமாக என் தொண்டையில் முள்ளாகக் கிடக்கின்றன. அவரை நாலு வரி புகழ்ந்துவிட்டு நைசாக நழுவிவிடலாம்தான். ஆனால் அந்தக் காரியத்தைச் செய்யாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

எங்கள் துணை மின்நிலையத்தில் அவர் ஆபரேட்டர், நான் பொறியாளர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு முதல் ஒரு மாதம் அவர் பேச்சே பிடிபடவில்லை. "சார், நீ போயி நாஸ்தா துன்னுட்டு வா சார், நான் பாத்துக்கினு கீறேன்" என்பார். ஒரு நாள் 'நீங்க', ஒரு நாள் 'நீ'. திட்டுகிறாரா, உபசரிக்கிறாரா என்று விழிப்பேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் குளோரி. "எங்க நைனா கூலிக்கு நட்ட கழனிக்கு இப்ப மோட்டாரு ஓடுறது நான் உடுற கரண்ட்டுல சார்" என்று ஒருமுறை சொன்னார். சொல்லும்போதே நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அந்த இடத்தில் எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது.

துணை மின்நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து போக முடியாது. அடுத்த ஆள் வர வேண்டும். வந்து, நடந்ததெல்லாம் குறித்திருக்கும் லாக் புக்கைப் படிக்க வேண்டும். எந்த லைனில் கரண்ட் போகிறது, எந்த லைனில் ஆள் ஏறி வேலை செய்கிறான் என்று வாயாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலி கைமாறும், சார்ஜ் கொடுப்பது என்போம் இதை. கம்பத்தில் ஒருவன் இருப்பது தெரியாமல் புதிதாக வந்தவர் சுவிட்சைப் போட்டுவிட்டால் மேலே இருப்பவன் கதி என்ன? எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனாலும் அவசரத்துக்கு எல்லோரும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்போம். குளோரி இருக்கமாட்டார்.

ஒரு புயலின்போது சாலையில் தண்ணீர் ஏறி, அவரை விடுவிக்க வேண்டிய ஆள் வந்து சேர முடியவில்லை. தொடர்ந்து மூன்று ஷிஃப்ட்டையும் ஒரே ஆளாகப் பார்த்தார். மறுநாள் காலை முழங்கால் தண்ணீரில் நடந்து நான் போய்ச் சேர்ந்தேன். அவர் கண் இரண்டும் கோவைப்பழம். "எழுந்திரு குளோரி, நான் பாத்துக்கறேன்" என்றேன். "மொதல்ல புக்கப் படி சார். கையெழுத்துப் போடு. அப்பால எழுந்துக்கறேன்" என்றார். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு மூன்று ஷிஃப்ட் குறிப்பையும் படித்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் எழுந்தார். எழுந்ததும் கால் மரத்துப்போய் மடங்கியது, பாபு ஓடி வந்து தாங்கிக்கொண்டான்.

இனி அந்தப் படம். அதன் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் நம் கூட்டத்தில் மறுபடியும் சண்டை தொடங்கும். கதை சுருக்கமாக இதுதான். கப்பல் விபத்தில் பிழைத்த ஒரு மாலுமி மருத்துவமனையில் கண் விழிக்காமல் கிடக்கிறான். தூங்குபவரின் கனவுக்குள் போக ஓர் இயந்திரம் வந்துவிட்ட காலம் அது. மனைவி அவன் கனவுக்குள் போகிறாள். அங்கேயும் அவன் ஒரு வீட்டில் தூங்குகிறான். அந்தக் கனவுக்குள் போனால் ஒரு கப்பலில் தூங்குகிறான். அதற்கும் உள்ளே போனால்தான் அவனைப் பிடிக்க முடியும். ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள் தூங்காமல் காவல் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனவர்கள் திரும்ப முடியாது. கப்பலில், ஒரு நோட்டில் குறிப்பெழுதியபடி காவல் இருப்பவள் மனைவியின் தங்கை. எல்லாம் முடிந்து மனைவி கணவனோடு கப்பலுக்குத் திரும்பும்போது அந்த நாற்காலியில் தங்கை இல்லை. நரைத்த தலையோடு ஒரு கிழவி உட்கார்ந்து அதே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். மனைவி அவள் காலைத் தொட்டு வணங்கிவிட்டு மேலே போகிறாள். யாரும் எதுவும் விளக்குவதில்லை. படம் முடிகிறது.

செங்கல்பட்டு தியேட்டரில் முதல் வாரமே பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "இன்னாய்யா படம் எடுத்து வச்சிகீறானுங்கோ" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். எனக்கோ தலைகால் புரியாத குஷி. ஊருக்குப் புரியாத படம் எனக்குப் புரிந்துவிட்டதல்லவா! உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். 'காவல்காரியின் முதுமை' என்று தலைப்பு. காத்திருந்த அந்தச் சில மணி நேரத்தில் தங்கை கிழவியாகிவிட்டாள், கனவில் காத்திருப்பவருக்கு மட்டும் காலம் வேகமாக ஓடுகிறது, அந்த மாற்றத்தைக் காட்டாமல் விட்டதுதான் இயக்குநரின் மேதைமை என்றெல்லாம் விளாசியிருந்தேன். இந்த இதழில்தான் வந்தது. நீங்கள் கடிதம் எழுதிப் பாராட்டினீர்கள். அதைப் பற்றிப் பேச அடுத்த மாதம் கூட்டமும் வைத்தீர்கள்.

அன்று மாடி நிறைந்திருந்தது. கீழே உளிச் சத்தம், மேலே என் சத்தம். பேசி முடித்ததும் கைதட்டல். கைதட்டல் அடங்கும்போது கடைசி வரிசையில் குளோரி எழுந்து நின்றார். அவரும் அதே தியேட்டரில் படத்தைப் பார்த்திருந்தார்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல. அந்த நாற்காலில ஆளு மாறிச்சே, எப்ப மாறிச்சு? யாரு யாருக்கு சார்ஜ் குடுத்தாங்க?"

"ஆள் மாறவில்லை குளோரி, தங்கைதான் கிழவியாகிவிட்டாள். அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்?"

"அது தங்கச்சி இல்ல சார். தங்கச்சி நோட்டுல எழுதறப்போ இடது கையில எழுதிச்சு. அந்தக் கிழவி சோத்துக் கையில எழுதுது. அது வேற பொம்பள. நடுவுல ஒரு ஷிஃப்ட்டக் காணோம் சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், "கனவுக்கு டியூட்டி சார்ட் எல்லாம் கிடையாதும்மா" என்றார். இன்னும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வெறுமனே சிரித்திருந்தாலும் பரவாயில்லை, மைக்கைப் பிடித்து, "குளோரி, இது சினிமா, நம்ம சப்ஸ்டேஷன் இல்லை" என்று வேறு சொன்னேன். அவர் முகம் வாடவில்லை, கோபமும் படவில்லை. "புரியலன்னா எனக்கு அறிவு இல்லன்னு அர்த்தம் இல்ல சார். எங்கியோ ஒண்ணு விட்டுப் பூடுச்சின்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போனார்.

அடுத்த விடுமுறை நாளில் குளோரி என்ன செய்தார் தெரியுமா? கணவர் தேவராஜை இழுத்துக்கொண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மாலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அதே படத்துக்குப் போனார். தேவராஜ் அலுவலக வேன் ஓட்டுபவர், பாவம், ஓய்வு நாளில் தூங்கலாம் என்றிருந்த மனிதர். திரும்பி வந்த மறுநாள் காலை, கன்ட்ரோல் ரூமுக்குள் நான் காலை வைத்ததுமே குளோரி ஆரம்பித்துவிட்டார்.

"கீது சார்! அந்த ஷிஃப்ட்டு கீது! இண்டர்வெல் முடிஞ்சு மொத சீனே அதான். தங்கச்சிக்குத் தூக்கம் சொக்கிகினு வருது. அந்த மிஷினைக் கண்டுபுடிச்ச கிழவி, அதுவரைக்கும் மூஞ்சியே காட்டாத ஆளு, உள்ள வந்து, நீ போ, நான் பாத்துக்கறேன்னு உக்காருது. நம்ம தேட்டருல அதத் தாண்டி ஓட்டிட்டானுங்க சார்."

அதிகக் காட்சிகள் ஓட்ட வேண்டிய பண்டிகை வாரம். இடைவேளைக்குப் பிறகு பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். நம்பாமல் நானும் போய்ப் பார்த்தேன். இருந்தது. படத்தின் உயிரே அந்தக் காட்சியில்தான் இருந்தது. தியேட்டர்காரர் அவசரத்தில் தாண்டிய இடத்துக்கு நான் மேதைமை என்று பெயர் வைத்து, அதற்குப் பதினோரு பக்கத்தில் பாயசம் வைத்திருக்கிறேன்! திரும்பி வந்த பேருந்தில் என் முகத்தில் ஈயாடவில்லை.

குளோரியின் ஊர்க்காரர்களும் செங்கல்பட்டில் அந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான் பார்த்திருந்தார்கள், டிக்கெட் காசு தண்டம் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் அவர்களுக்குப் படத்தை விளக்கினார் குளோரி. "நீங்களும் வாங்க சார்" என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். தேவராஜைப் பாயில் படுக்க வைத்தார், அவர்தான் மாலுமி. மனிதர் படுத்த இரண்டாவது நிமிடமே நிஜமாகக் குறட்டை விட்டார். தலைமாட்டில் வரிசையாக மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை உட்கார வைத்து, "நீ ஆஸ்பத்திரி, நீ வூடு, நீ கப்பலு. எவ தூங்கினாலும் உள்ள போனவ காலி" என்று தோளைத் தட்டிச் சொன்னார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "இதுல இன்னா குளோரிக்கா பேஜாரு கீது? போட்டுல ரெண்டு பேரு படுத்தா ஒருத்தன் முழிச்சிக்கினு இருக்கணும். அவனுக்குத் தூக்கம் வந்தா இன்னொருத்தன எழுப்பி உட்டுட்டுத்தான் படுக்கணும். அதான படம்?" என்றார். "அதே தான்!" என்று குளோரி கைகொட்டினார்.

பிறகு கப்பல் நாற்காலியில் இருந்த பெண்ணை எழுப்பிவிட்டு, என்னை அதில் உட்காரச் சொன்னார். நான்தான் கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "எப்ப குளோரி நான் எழுந்துக்கறது? என்னை மாத்திவிட யார் வருவா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"யாரும் வரமாட்டாங்க சார். அதான் படமே. நம்மள மாத்த ஆளு கெடையாதுன்னு தெரிஞ்சிதான் அது வந்து குந்திச்சு. அதுக்குத்தான் அந்தப் பொண்ணு கால்ல வுழுது."

ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினோரு பக்கத்தில் நான் தொடாத இடத்தைக் குளோரி நாலு வாக்கியத்தில் தொட்டுவிட்டார். இவரோடு ஒரே அறையில் வேலை செய்கிறேன் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையாகவே நிமிர்ந்தது.

வாசல்வரை வழியனுப்ப வந்தவர் சொன்னார்: "சார், பத்திரிகைல ஒரு திருத்தம் போட்டுடுங்க. லாக் புக்குல தப்பா எழுதிட்டா இன்னா பண்ணுவோம்? அழிக்கமாட்டோம். தப்பு மேல ஒரு கோடு, கீழ சரியானது, பக்கத்துல கையெழுத்து. அவ்ளோதான். அதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல சார்." கட்டாயம் போடுகிறேன் என்றேன்.

போடவில்லை. அடுத்த இதழ் வந்தது, அதற்கடுத்த இதழ் வந்தது. அந்தக் கட்டுரையை ஒரு தொகுப்பில் சேர்க்கக் கேட்டிருந்தார்கள். தப்பு என்று சொன்னால் தூக்கிவிடுவார்களே என்று பயந்தேன். அது மட்டும் காரணமில்லை, மறைப்பானேன்? பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்த ஓர் ஆபரேட்டர் அம்மா என்னைத் திருத்தினார் என்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள என் கை கூசியது. கோயில் முற்றத்தில் பெருமையாகத்தான் இருந்தது. அச்சில் ஏற்ற மட்டும் மனசு வரவில்லை. இவ்வளவுதான் நான்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், நான் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தபோது குளோரி கேட்டார். "சார், அந்தத் திருத்தம் வந்துடுச்சா?" நான் தலையைத் தூக்காமல் "ம்" என்றேன். அவர் கூட்டத்துக்கு வருவாரே தவிர இதழ் வாங்கமாட்டார். "படிக்க எங்க சார் நேரம், நீங்க பேசறதக் கேட்டுக்கறேன்" என்பார். அந்தத் தைரியத்தில் வந்த "ம்" அது. காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும் சார் நீங்க போட்டுடுவீங்கன்னு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பந்தலுக்குள் நுழைந்ததும் தேவராஜ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைக் கைப்பிடியாக அழைத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்கள் நடுவில் நிறுத்தினார். "இவருதான் அந்த சாரு. நம்ம குளோரி சொன்னதக் கேட்டு, நான் எழுதினது தப்புன்னு பத்திரிகையிலயே போட்டாரே, அவரு. இவ இத சொல்லாத ஆளு கெடையாது. எங்க சப்ஸ்டேஷன்ல எவ்ளோ படிச்சவங்க கீறாங்க தெரியுமா, ஆனா எங்க சாரு ஒருத்தருதான் தப்ப ஒத்துக்கினாருன்னு, அவ்ளோ பெருமை சார் அவளுக்கு" என்றார். ஒரு பெரியவர் எழுந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எழுதினத ஒத்துக்கினு திருத்தறது லேசா இன்னா?" என்றார்.

பத்து அடி தள்ளிப் பெட்டிக்குள் குளோரி படுத்திருந்தார். இல்லை, நான் போடவில்லை, அவரிடம் பொய் சொன்னேன் என்று கத்திவிடலாம் போலிருந்தது. வாயைத் திறந்தேன். தேவராஜின் முகத்தைப் பார்த்தேன். அந்தத் துக்கத்தில் அவரிடம் மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தையும் பிடுங்க எனக்குத் துணிவில்லை. ஒரு பிடி மண் போட்டுவிட்டு, யாருடனும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். இதழ் அச்சானதும் முதல் பிரதியைத் தேவராஜிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததை வாயாலும் சொல்வேன். அவர் என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

ஆகவே நண்பர்களே, திருத்தம். 'காவல்காரியின் முதுமை' என்ற என் கட்டுரையில், தங்கைதான் காத்திருந்து கிழவியானாள் என்று எழுதியிருந்தேன். அது தவறு. அவர் வேறொரு பெண், தங்கையை விடுவிக்க வந்தவர், தன்னை விடுவிக்க ஆளில்லை என்று தெரிந்தே உட்கார்ந்தவர். நான் பார்த்த தியேட்டரில் அந்தக் காட்சியை ஓட்டவில்லை. ஓட்டவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்தவர் துணை மின்நிலைய ஆபரேட்டர் குளோரி மேரி. எழுந்து நின்று கேட்டபோது அவரை முதலில் கேலி செய்த ஆட்களில் நானும் ஒருவன். இதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிமிர்வை. ஒரு கூட்டமே தலையாட்டும்போது, எனக்குப் புரியவில்லை என்று எழுந்து நின்று சொல்லவும், புரியாததற்குத் தன்னையே குறைத்துக்கொள்ளாமல் இருக்கவும் எத்தனை பேரால் முடியும்? நான் பார்த்தவரை ஒருவரால் முடிந்தது. என்னைப் பற்றி மூன்று வருடமாக ஊரெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லிவந்தது இன்றைக்குத்தான் உண்மையாகியிருக்கிறது.